முன் சொன்னதும் பின் எழுதியதும்

கொலைக் குற்றங்களிலும், காணாமற் போனோரைத் தேடும் முயற்சியிலும் போலீசார் திகைத்து நிற்குங்கால், ஞானதிருஷ்டி உடையார் ஒருவர் வந்து வழிகாட்டினார் என்னும் செய்திகள் பல நாடுகளில் வழங்கி வருகின்றன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை ஹாலந்து நாட்டுக் குறிகாரர் ஜெரார்ட் குரோய்செட் (1909 – 1980) என்பாரைப் பற்றியவை. ஜாக் ஹாரிசன் பொல்லாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1964இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். புலன் கடந்த ஆற்றல்களை ஆராய்வதற்கென உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1953இல் பேராசிரியராக அமர்த்தப்பட்ட தென்ஹாப் என்பார் திரட்டி வைத்த குறிப்புகளே அந்நூலுக்குப் பெரிதும் அடிப்படையாயின.

இத்தகைய வரலாறுகள் படிப்போரைக் கட்டி இழுப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. போலீசார் கைவிரிப்பர், குறிகாரர் ஒரு பொருளைத் தொடுவார், அங்க அடையாளம் கூறுவார், பின்னர்ப் பிடிபட்டவன் அவ்வாறே இருப்பான். கதைக்கு இவ்வமைப்பு அழகே. சான்றுக்கு இது போதுமா என்பதே ஆராயத்தக்கது.

பழஞ்சுவடிகளைப் பதிப்பிக்கும் அறிஞர், ஓர் அடியின் சுவையைப் பேசுமுன், அது மூலத்திலேயே உள்ளதா, பின்னர் நுழைந்த இடைச்செருகலா என்று பார்ப்பர். குறிகாரர் கதைகளுக்கும் அவ்வுரைகல்லே பொருந்தும். கூற்று எப்பொழுது எழுத்தில் ஏறியது? எழுதியவர் யார்? பொய்த்துப்போன கூற்றுகள் எங்கே? இம்மூன்று வினாக்களையும் எழுப்பினால் கதையின் உருவே மாறிவிடுகிறது.

1946இல் ஹாலந்தின் வீர்டன் என்னும் ஊரில் இளம்பெண் ஒருத்தி சுத்தியலால் தாக்கப்பட்டாள். குரோய்செட் அச்சுத்தியலைக் கையில் ஏந்தி, தாக்கியவன் நெட்டையன், கருநிறத்தன், இடக்காது சற்றே ஊனமுற்றவன் என்று உரைத்ததாகவும், பின்னர்ப் பிடிபட்டவன் அவ்வாறே இருந்ததாகவும் கதை கூறுகிறது. பிரித்தானிய உளநூலறிஞர் ஹான்சல் இதனை அப்படியே ஏற்கவில்லை. அவ்வூர் நகரத் தலைவருக்குக் கடிதம் விடுத்து உண்மையை வினவினார். வந்த மறுமொழி கதையொடு முரண்பட்டது. குற்றவாளி அகப்பட்டதற்குக் குறிகாரரின் சொல் காரணமன்று என்பதே அதன் சாரம். ஒரு கடிதத்தின் அளவே ஆன உழைப்பு, பன்னாள் வழங்கிய புகழ்க்கதையை அசைத்துவிட்டது.

வௌட்ரிகெம் என்னும் ஊரில் நடந்த தீவைப்புக் குற்றம் இதனினும் தெளிவான பாடம். குற்றவாளியின் அடையாளங்களைக் குரோய்செட் முன்னரே போலீஸ் அதிகாரியிடம் சரியாகக் கூறினார் எனத் தென்ஹாப் எழுதி அச்சிட்டார். பீட் ஹைன் ஹூபென்ஸ் என்னும் டச்சு நாளிதழாளர் அவ்வதிகாரியையே கண்டு கேட்டார். தாம் கேட்டதும் அச்சில் வந்ததும் வேறு வேறு என்று அதிகாரி மறுத்தார். ஈண்டுப் பழுது குறிகாரர் வாயில் மட்டும் இல்லை. ஏடெழுதியவர் கையிலும் உள்ளது. பேராசிரியர் என்னும் பட்டம், கேளாமலே நம்பும் பழக்கத்தைப் படிப்போரிடம் வளர்த்துவிட்டது.

இனி, கூற்று முன்னரே ஊரறிந்துவிட்டால் விளைவு யாது? 1966ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை அடுத்த கிளெனெல்க் கடற்கரைக்குச் சென்ற மூன்று சிறுவர் காணாமற் போயினர். அவ்வாண்டு நவம்பரில் குரோய்செட் அங்கு அழைக்கப்பட்டார். ஒரு பண்டசாலையின் அடியில் உடல்கள் புதைந்துள்ளன என்றார். மக்கள் 40,000 டாலர் வரை திரட்டினர்; நிலம் தோண்டப்பட்டது; ஒன்றும் அகப்படவில்லை. 1996இல் அவ்விடத்தை மீண்டும் முழுமையாகத் தேடியபோதும் ஒன்றும் இல்லை. கூற்று முன்பே செய்தித்தாள்களில் ஏறிவிட்டமையால், பின்னர்த் திருத்தி எழுத எவருக்கும் இடமில்லாது போயிற்று.

குறிகாரர் யாவரும் ஏமாற்றுவோர் என்று கொள்ள வேண்டுவதில்லை. தம் சொல்லைத் தாமே மெய்யென நம்புவோரும் இருக்கலாம். ஆனால் அச்சொல்லின் இயல்பு கருதத்தக்கது. கால்வாய்கள் மலிந்த ஹாலந்து நாட்டில், காணாமற் போன குழந்தையை "நீர் தெரிகிறது" என்று குறிப்பவர் தவறுவது அரிது. பொருந்திய சொல் நினைவில் நிற்கும். பொருந்தாத பத்துச் சொற்கள் மறந்துபோகும்.

இந்நினைவின் குறையை நீக்கவே சோதனைகள் வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் துறையின் உளவியலறிஞர் மார்ட்டின் ரைசரும் துணைவரும் நான்கு குற்ற வழக்குகளை 12 குறிகாரரிடம் வைத்தனர். துப்புத் துலக்கப் பயன்படும் செய்தி கிட்டவில்லை என்று 1979இல் அறிவித்தனர். 1996இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு ஒன்றில் மூன்று குறிகாரரும், அவ்வாற்றல் உண்டெனக் கூறாத மூன்று மாணவரும் ஒருங்கே சோதிக்கப்பட்டனர். இரு சாராருமே குருட்டடியினும் மேலாகச் செய்யவில்லை.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பாரும் உளர். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், காணாமற் போன மகளைத் தேடிய தாய் ஒருத்தியிடம், மகள் உயிரோடு இல்லை என்று சில்வியா பிரவுன் என்னும் குறிகாரி கூறினார். தாய் 2006இல் காலமானார். மகளோ, அடைத்து வைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து 2013இல் உயிரோடு மீண்டாள். தவறாகச் சொன்ன சொல்லை மறுநாள் மறந்துவிடலாம். அதைக் கேட்ட தாய்க்கு அது இயலுமா?

ஆகவே குறிகாரர் வரலாற்றைப் படிப்போர் வியப்பைச் சற்றே நிறுத்தி வைத்து, நாளையும் ஏட்டையும் முதலில் கேட்பது கடன். செய்யுளில் இடைச்செருகலை இனங்காணும் மாணவன் செய்தியிலும் அதனை இனங்காணுதல் வேண்டும். பின் எழுதியதை முன் சொன்னதாகக் கொள்ளாதிருத்தலே திறனாய்வின் முதற்படி.