மறதிக்கு எதிரான வரலாறு: ஆஞ்செலோ டெல் பொக்காவின் ஆய்வுப்பணி – ஒரு நோக்கு

பாசிசத்தை ஆராய்வோர் பலர் அதனை ஐரோப்பாவின் எல்லைக்குள்ளேயே வைத்து நோக்குவர். ஆபிரிக்க மண்ணில் அது புரிந்த கொடுமைகள் அவர்தம் நூல்களில் அடிக்குறிப்புகளாகவே எஞ்சும். இக்குறையை நீக்க முனைந்தவருள் இத்தாலிய வரலாற்றாசிரியர் ஆஞ்செலோ டெல் பொக்கா (1925–2021) முதன்மையானவர்.

இளமையில் பாசிச எதிர்ப்புப் போராளியாகவும் பின்னர் பத்திரிகையாளராகவும் விளங்கிய இவர், வரலாற்றாய்வில் ஈடுபட்டுத் துரின் பல்கலைக்கழகத்தில் தற்கால வரலாறு கற்பித்தார். எதியோப்பியப் போர் பற்றிய இவரது நூல் 1965இல் வெளிவந்தது. கிழக்கு ஆபிரிக்காவில் இத்தாலியர் பற்றிய நான்கு தொகுதிகள் 1976க்கும் 1984க்கும் இடையில் வெளிவந்தன. லிபியா பற்றிய இரு தொகுதிகள் அவற்றைத் தொடர்ந்தன.

நச்சுவாயுப் போரைத் தடைசெய்யும் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் இத்தாலியும் ஒப்பமிட்டிருந்தது. எனினும் 1935–36 எதியோப்பியப் போரில் அது அவ்வாயுவைப் பயன்படுத்தியது. டெல் பொக்கா இதனை எழுதியபோது, அப்போரிற் பங்கேற்ற புகழ்பெற்ற பத்திரிகையாளர் இந்திரோ மொந்தனெல்லி அதனை நெடுங்காலம் மறுத்துவந்தார். முசோலினியின் தந்திகளே வாயுவுக்கு அனுமதி அளித்திருந்தமையை ஆவணங்கள் காட்டின. 1996இல் இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சர் உண்மையை ஒப்புக்கொண்டார். மொந்தனெல்லியும் தம் தவற்றை ஏற்றார். போரிற் கலந்துகொண்டவனின் நினைவும் ஆவணத்தின் முன் சோதிக்கப்பட வேண்டியதே என்பது இவ்விவாதம் தரும் பாடமாகும்.

இவரது மற்றொரு சிறப்பு, பழி முழுவதையும் பாசிசத்தின்மீது சுமத்தி அதற்கு முந்திய ஆட்சியை விடுவியாமையாகும். லிபியாவின்மீது 1911இல் படையெடுத்தது முசோலினியன்று, பாராளுமன்ற இத்தாலியே. குடியேற்றவாதத்தின் வேர் பாசிசத்துக்கு முந்தியது என்பதை இவர் நூல்கள் உணர்த்துகின்றன.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. 2005இல் வெளிவந்த நூலின் தலைப்பிலேயே ‘இத்தாலியர் நல்லவர்தாமா?’ எனும் வினா தொனிக்கிறது. ஆண்டோரின் மனச்சாட்சியை உலுக்குதற்கு அவ்வினா இன்றியமையாதது. ஆனால் அதுவே மையமாகும்போது, போராடிய எதியோப்பியர் தம் வரலாற்றின் கர்த்தாக்களாக அன்றி, பிறர் குற்றத்தின் சாட்சிகளாகத் தோன்றும் அபாயம் உண்டு. சுயெஸ் கால்வாயை இத்தாலியக் கப்பல்களுக்கு மூடாத பிரித்தானியா போன்ற பிற வல்லரசுகளின் பங்கும் இவ்வினாவின் எல்லைக்கு வெளியே நின்றுவிடக்கூடும்.

அவ்வெல்லையைக் கடப்பது பின்வருவோர் பணி. அவர்கள் நிற்பதற்கான நிலத்தைப் பண்படுத்தித் தந்தவர் டெல் பொக்கா என்பதில் ஐயமில்லை.