மூட்டை விழுந்த இடம்

கதையின் உச்சக்கட்டத்தை எங்கே வைப்பது என்பது கதை எழுதுகிறவனுக்கு ஓயாத தலைவலி. தொடர்கதையானால் தலைவலி இரட்டிப்பு. கதாநாயகனின் பெரிய துன்பம் நாற்பதாவது அத்தியாயத்தில் தீர வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்போம். அது பத்தாவது அத்தியாயத்திலேயே தீர்ந்துவிட்டால் மீதி முப்பது வாரம் எதை எழுதுவது? பத்திரிகாசிரியர் கேட்பதற்கு முன்பே வாசகர்கள் கேட்டுவிடுவார்கள்.

இந்தப் பாலபாடத்தை ஒரு மனிதர் அடியோடு மீறியிருக்கிறார். மீறி எழுதிய புத்தகம் முந்நூறு வருஷங்களுக்கு மேலாகப் படிக்கப்பட்டு வருகிறது. 1678ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜான் பனியனின் அந்தப் புத்தகத்தைத் தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் அநேகர் அறிவார்கள். கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அப்போது ஆங்கிலப் பாடத்தில் இதிலிருந்து சில பக்கங்கள் இருந்தன. பரீட்சைக்காக உருப்போட்டேன்; பரீட்சை முடிந்ததும் மறந்தேன். பிறகு நானே கதை எழுத ஆரம்பித்து, பல வருஷங்கள் கழித்து முழுப் புத்தகத்தையும் படித்தபோதுதான் இதன் அமைப்பு என்னை உறுத்த ஆரம்பித்தது. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் சிலுவை என்பது ஒரு தனி மனிதனுக்கு என்னவாக இருக்க முடியும் என்பதை எனக்குக் கொஞ்சமாவது புரிய வைத்தது இந்தக் கதைதான்.

கதை இதுதான். கிறிஸ்தியான் என்று ஒருவன். கந்தல் உடை, கையில் ஒரு புத்தகம், முதுகில் ஒரு பெரிய மூட்டை. மூட்டை என்பது அவனுடைய பாவத்தின் பாரம். அவனால் அதை இறக்க முடியவில்லை. தன் ஊர் அழியப் போகிறது என்று தெரிந்து வீட்டை விட்டு ஓடுகிறான். வழியில் சேற்றில் விழுந்து தத்தளிக்கிறான். அப்புறம் லோகஞானி என்று ஒரு பெரிய மனுஷர் எதிர்ப்படுகிறார். 'இதற்காக ஏன் இவ்வளவு சிரமப்படுகிறாய்? பக்கத்தில் ஒழுக்கபுரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒருவர் மூட்டையை நயமாக இறக்கிவிடுவார்' என்கிற பாவனையில் யோசனை சொல்கிறார். அந்த வழியே போனால் ஒரு மலை, இதோ தலைமேல் விழுந்துவிடுவேன் என்பது போலச் சாய்ந்து நிற்கிறது. மூட்டை முன்னைவிடக் கனக்கிறது. திரும்பி வந்து சரியான திட்டிவாசலைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. இங்கேயாவது இறக்கி வைக்கலாமா என்று கேட்கிறான். கொஞ்சம் பொறு, ஓர் இடம் வரும், அங்கே அது தானாகவே விழும் என்று பதில் வருகிறது.

அந்த இடமும் வருகிறது. சற்று மேடான இடம். மேட்டில் ஒரு சிலுவை. கீழே பள்ளத்தில் ஒரு கல்லறை. அவன் சிலுவையருகே வந்ததும் மூட்டை தோளிலிருந்து தளர்கிறது, முதுகிலிருந்து நழுவுகிறது, உருண்டு உருண்டு போய்க் கல்லறையின் வாய்க்குள் விழுந்து மறைகிறது. அப்புறம் அதைக் காணவே காணோம். அவன் நின்று பார்க்கிறான். வெறுமே பார்த்ததில் எப்படிப் பாரம் போயிற்று என்று அவனுக்கே ஆச்சரியம். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. பிரகாசமான மூவர் வந்து, மன்னிப்புக் கிடைத்தது என்று சொல்லி, கந்தலைக் களைந்து புது உடை உடுத்தி, நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரை போட்ட ஓர் ஓலைச் சுருளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவன் மூன்று தடவை துள்ளிக் குதித்துவிட்டுப் பாடிக்கொண்டே நடக்கிறான்.

இவ்வளவுதான். ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. இது வருவது முதல் பாகத்தில் ஏறக்குறைய கால்வாசியில்! மீதி முக்கால்வாசிக்கு மூட்டை இல்லாத மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான்.

பனியன் அந்தச் சிலுவையை வர்ணிக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் ஒருவர் தொங்குவதாகக்கூட அந்த இடத்தில் சொல்லவில்லை. கதை முழுவதையும் ஒருவன் கனவாகக் காண்கிறான் அல்லவா? கனவு காண்கிறவனுடைய கண்ணுக்குத் தெரிந்தது மரம் மட்டுமே. மரத்தையும் பார்க்கிறான், மூட்டை விழுவதையும் பார்க்கிறான். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அது வேறோர் இடத்தில் வருகிறது. சில பக்கங்களுக்குப் பின் கிறிஸ்தியான் ஒரு மாளிகையில் இரவு தங்குகிறான். அங்கே பக்தி என்னும் பெண், வழியில் என்ன கண்டாய் என்று விசாரிக்கிறாள். அப்போதுதான் அவன் சொல்கிறான்: அந்த மரத்தில் ஒருவர் இரத்தம் சொரியத் தொங்குவதாகத் தன் மனத்துக்குத் தோன்றிற்று, அவரைக் கண்டதும் பாரம் விழுந்தது என்று. அதையும் நடுவீதியில் சொல்லவில்லை. நம்பிக்கையுள்ளவர்கள் வீட்டில், சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும்போது, கேட்ட பிறகு சொல்கிறான்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்கிறவனுக்குத் தெரிவது இரண்டு கட்டை. பாரம் சுமந்து வந்தவனுக்குத் தெரிந்தது ஒரு மனிதர். சொந்த விசுவாசம் என்கிறார்களே, அதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? நாவலாசிரியன் ஒருவனும் தன் பாத்திரத்தின் அந்தரங்கத்தை இவ்வளவு மரியாதையோடு காத்ததில்லை என்று சொல்வேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் பெரும் கூட்டங்களுக்குப் பிரசங்கம் செய்த ஸ்பர்ஜன் இந்தப் புத்தகத்தின் பரம ரசிகர். நூறு தடவையாவது படித்ததாகச் சொன்னவர். அவரும் ஓர் இடத்தில் குறை கண்டார். திட்டிவாசலுக்கு முன்பே சிலுவை இருந்திருக்க வேண்டாமா, தேடி வந்தவனை மூட்டையோடு இன்னும் நடக்க வைப்பது நியாயமா என்பது அவர் கட்சி. போதகர் என்ற முறையில் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பனியன் எழுதியது போதனைச் சூத்திரம் அல்ல, பட்ட பாடு.

அந்தப் பாட்டை 1666ல் வெளியிட்ட தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழில் செய்தவர் அவர். கோயில் மணி அடிப்பதில் ஆசை. அது வீண் ஆசை என்று விட்டார். ஆனாலும் போய் வேடிக்கை பார்ப்பார். பார்க்கும்போது, மணி தலையில் விழுந்துவிட்டால் என்று ஒரு பயம். உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். பிறகு வாசலோடு நின்றார். கோபுரமே விழுந்துவிட்டால் என்ற பயம் வந்ததும் ஓடிவிட்டார். தான் நம்பியவரையே விற்றுவிடு, விற்றுவிடு என்று உள்ளே ஒரு குரல் மாதக் கணக்கில் அவரைத் துளைத்தது. ஒரு நாள் சலித்துப்போய் மனத்துக்குள் இணங்கிவிட்டதாக நினைத்து, அதற்காக நெடுங்காலம் துடித்தார். வாசலுக்குள் வந்த பிறகும் மூட்டை இறங்காமல் அலைந்த மனிதர், வாசலுக்கும் சிலுவைக்கும் நடுவே ஒரு தூரம் வைக்காமல் எப்படி எழுதுவார்? அந்தத் தூரம் அவருடைய சொந்தக் கால் அளந்த தூரம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஏனென்றால் இதே சிலுவையடிக்குத் தமிழிலும் ஒரு பெருங்கவிஞர் வந்து நின்றிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் 1827ல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பனியன் கதையை ஆதாரமாக வைத்துக்கொண்டு அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894ல் நூலாக வந்தது. ஐந்து பருவங்கள் கொண்ட காவியம். கம்பனில் ஊறிய கை என்பது எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் தெரியும்.

கிருஷ்ண பிள்ளையால் சிலுவையை வெறும் மரமாக விட்டுவிட முடியவில்லை. பனியன் சொல்லாமல் விட்ட பாடுகளின் சரித்திரத்தை ஒரு படலமாகவே விரித்துப் பாடுகிறார். பிடித்துக்கொண்டு போனது, விசாரணை, ஏச்சு, ஆணி எல்லாம் வருகின்றன. இது கதையின் வேகத்தைத் தடுக்கிறது என்று விமர்சகன் சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். பனியனுடைய வாசகர்களுக்கு அந்தச் சரித்திரம் தொட்டில் நாளிலிருந்தே தெரியும். ஒரு மரத்தைக் காட்டினால் போதும். தமிழ் வாசகருக்கு முதலில் ஆளைக் காட்ட வேண்டும். அதோடு, எம்பெருமானின் திருமேனியைக் கண்குளிரக் கண்டு உருகுவதே பக்தி என்ற மரபில் வளர்ந்தவர் அவர். மதம் மாறினாலும் உருகுகிற விதம் மாறவில்லை. பனியனிடம் சிலுவை மனிதனுக்கு என்ன செய்தது என்பதைப் பார்க்கிறோம். கிருஷ்ண பிள்ளையிடம் சிலுவையில் இருந்தவர் யார் என்பதைப் பார்க்கிறோம். ஒருவரிடம் குறைவது மற்றவரிடம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனத்தில் ஓர் ஆட்சேபணை இருந்துகொண்டே இருந்தது. தப்புச் செய்தவன் ஒரு மரத்தை அண்ணாந்து பார்க்கிறான், கணக்குத் தீர்ந்துவிட்டது. அவனால் பாதிக்கப்பட்டவன் கதி என்ன? அவனைக் கேட்காமல் யார் மன்னிப்பது? இது எனக்கு வெறும் தர்க்கம் அல்ல. என் தகப்பனார் கடைசியாக எழுதிய கார்டில், ஒரு நடை வந்து போ என்று எழுதியிருந்தார். ஒரு தொடர்கதையின் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் போகலாம் என்று நான்கு நாள் தாமதித்தேன். நான் போனபோது அவர் இல்லை. அந்தக் கதையை இன்றும் நன்றாக முடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். என் மூட்டையில் இருப்பது அதுதான்.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவர், என்னைவிட மூத்தவர். இந்த ஆட்சேபணையை அவரிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

வேலைக்கு வந்த புதிதில், மேஜையிலிருந்த சம்பளப் பணத்தைத் திருடிவிட்டான் என்று ஒரு பையனை வகுப்பின் முன் நிறுத்தி அடித்தாராம். பையன் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. வருஷ முடிவில் பணம் ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் அகப்பட்டது. வைத்தவர் அவரே. யாரிடமும் சொல்லாமல் பதினைந்து வருஷம் வைத்திருந்தார்.

"அந்தப் பதினைந்து வருஷமும் அந்தப் பையனை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றா நினைக்கிறீர்கள் தம்பி? என்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் மூட்டை இருக்கிற வரைக்கும் முதுகு ஞாபகம்தானே? ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று அது போயிற்று. எப்படி என்று கேட்காதீர்கள், சொல்லத் தெரியாது. போன பிறகுதான் அவன் எங்கே இருக்கிறான் என்று தேடத் தோன்றியது."

"தேடினீர்களா சார்?"

"சைக்கிள் கடை வைத்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என் சைக்கிளில் காற்று இல்லை என்று பார்த்து, பஞ்சர் ஒட்டிக் கொடுத்தான். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்."

"மன்னித்துவிட்டான் என்று சொல்லலாமா?"

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? அது அவன் பாடு. நான் போக வேண்டிய இடத்துக்குப் போனேன். மூட்டையோடு போயிருந்தால், அதை அவன் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பேன்."

பனியன் ஏன் சிலுவையைக் கால்வாசியில் வைத்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அது பிரயாணத்தின் பரிசு அல்ல. நடப்பதற்கு வேண்டிய பலம். கடைசியில் வைத்திருந்தால், நன்றாக நடந்ததற்குக் கிடைத்த கூலி ஆகியிருக்கும். அது லோகஞானியின் மதம். முன்னே வைத்ததால்தான் மீதி நடை நடையாயிற்று.

அதற்காகப் பிறகு எல்லாம் சுகம் என்றும் பனியன் எழுதவில்லை. அந்த இடத்தில்தான் அவருடைய யோக்கியதையைப் பார்க்கிறேன். சிலுவையடியில் கிடைத்த ஓலையையே கிறிஸ்தியான் மலையேறும்போது தூங்கித் தொலைத்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போய் எடுத்து வருகிறான். வீண் பகட்டுச் சந்தையில் கூட வந்தவனை உயிரோடு எரிக்கிறார்கள். பிறகு அவநம்பிக்கை என்னும் ராட்சதன் அவனைச் சந்தேகக் கோட்டையில் அடைத்து அடித்து, செத்துப் போங்கள் என்று புத்தி சொல்கிறான். திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது அவனுக்குச் சில நாள் கழித்துத்தான் நினைவு வருகிறது. கடைசியில் பாலமில்லாத ஆற்றில் இறங்கும்போதுகூட அவனுக்குப் பயம், மூழ்குகிறான். பயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் மூட்டை மட்டும் திரும்பி வரவே இல்லை. குற்றம் வேறு, பயம் வேறு என்று பிரித்துக் காட்டிய இந்தக் கோட்டைப் பனியன் ஓரிடத்திலும் அழிக்கவில்லை. பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று சொல்லியும், சொல்ல மறுத்து 1660 முதல் 1672 வரை பெட்போர்ட் சிறையில் இருந்தவர் அவர். மூட்டை இல்லாதவனுக்கும் சிறை உண்டு என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நண்பருக்கு நேர்ந்தது எனக்கு நேரவில்லை. நேர்ந்ததாகப் பாவனை செய்து இந்தக் கட்டுரையை முடித்தால் அவருக்கும் பனியனுக்கும் துரோகம் செய்தவன் ஆவேன். கனவு கண்டவன் மரத்தைத்தான் பார்த்தான், நானும் அப்படியே. ஆனால் அந்தக் கனவுக்காரனைப் பற்றிப் பனியன் முடிவில் ஒரு விஷயம் சொல்கிறார். யாத்திரிகர்களை உள்ளே விட்டு நகரத்தின் கதவுகள் மூடியபோது, தானும் அவர்களோடு இருக்கக் கூடாதா என்று அவன் ஆசைப்பட்டானாம்.

அந்தக் கார்டு இன்னும் என் மேஜை அறையில் இருக்கிறது. அதற்குப் பதில் எழுத ஒரு விலாசம் இல்லை. ஊரில் என் தகப்பனாருடைய தம்பி இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டு, அவரை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.