ஷொக் மீது விழும் பழி

ஆட்டோவின் பின்பக்கம் குலுங்கினாலும், ஒரு பக்கமாய்ச் சரிந்தாலும், பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று சத்தம் போட்டாலும், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் முதலில் குற்றம் சாட்டப்படுவது ஷொக் அப்சோபர்தான். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பது அது, கழற்றுவதும் இலகு. ஆனால் அதன் மேல் சுமத்தப்படும் பழுதுகளில் பல வேறெங்கோ தொடங்கி, கடைசியில் ஷொக்கையும் கெடுத்துவிட்டு வெளியே தெரிபவை. சென்னையும் யாழ்ப்பாணமும் இந்தப் பழுதைக் கையாளும் விதம் ஒன்றல்ல. சென்னை பாகத்தை மாற்றுகிறது. யாழ்ப்பாணம் பாகத்தைச் செப்பனிடுகிறது. இரண்டிலும் நல்லது உண்டு. பழுது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு இரண்டுமே போதிய நேரம் கொடுப்பதில்லை என்பதுதான் என் கவலை.

ஒரே வண்டி, ஒரே உடலமைப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோவின் கைவண்ணத்தில் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 'அப்பே' என்ற மூன்று சில்லு வண்டியைச் சந்தைக்கு விட்டது. பியாஜியோவின் உரிமத்தோடு 1960களில் இந்தியாவில் ஸ்கூட்டரும் முச்சக்கரவண்டியும் செய்யத் தொடங்கியது பஜாஜ். அந்தப் பரம்பரையில் வந்த வண்டிதான் சென்னைத் தெருக்களையும் இலங்கைத் தெருக்களையும் நிறைத்தது. இலங்கையில் இதுவரை பதிவான முச்சக்கரவண்டிகள் 10 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவை. ஆகவே இலங்கையின் ஹட்டனில் பழுதாகும் வண்டியும் சென்னையை அடுத்த தாம்பரத்தில் பழுதாகும் வண்டியும் ஒரே உடலமைப்புக் கொண்டவை.

பின்பக்கத்தில் சில்லுக்கு ஒன்றாக இரண்டு இரும்பு ஆர்ம்கள். ஒவ்வொரு ஆர்மும் முன்முனையில் சட்டத்தோடு புஷ் எனும் உறை வைத்துப் பூட்டப்பட்டிருக்கும், பின்முனையில் சில்லு. ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே சுமையைத் தாங்க ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஷொக். அப்பே வண்டிகள் சிலவற்றில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்த ரப்பர் இருக்கும். பின்னால் இருக்கும் இயந்திரத்திலிருந்து டிரைவ் ஷாப்ட்கள் இரு பக்கமும் போய்ச் சில்லுகளைச் சுழற்றும்.

இதில் ஒரு விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். காரில் அந்தச் சாய்வைத் தடுக்கும் வேலையை நான்கு சில்லுகளும் பகிர்ந்துகொள்கின்றன. முச்சக்கரவண்டியின் முன்சில்லு ஒற்றை. அது நடுவில் இருப்பதால் சாய்வைத் தடுக்க அதனால் எதுவும் செய்ய இயலாது. அந்த வேலை முழுவதும் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும் இரண்டு ஷொக்குகளுக்கும் உரியது. பின் ஸ்பிரிங் தளர்ந்த காரில் பயணிக்கு இடுப்பு வலிக்கும். பின் ஸ்பிரிங் தளர்ந்த ஆட்டோ, வளைவில் திடீரென்று ஒடித்தால் புரளக்கூடும். ஆகவே இதைச் சொகுசுக் குறைபாடாக எண்ணித் தள்ளிப்போடக் கூடாது.

சென்னை: மாற்றிவிடும் பழக்கம்

"ஷாக் போச்சுண்ணே, ஜோடியா மாத்திடலாம்." சென்னைப் பட்டறையில் இந்தத் தீர்ப்பு வர ஐந்து நிமிடம் போதும். அதற்கு நியாயம் உண்டு. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்ட பாகம் கேட்ட நேரத்தில் கிடைக்கும். ஷொக் செய்யும் கேப்ரியல் நிறுவனத்துக்கு ஓசூரிலேயே ஆலை உண்டு. பணம் போதாதவர் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் பாகங்களைப் பார்த்து வாங்கலாம். சென்னையில் நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுகிறவர்கள் பலர். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அவர்கள் பையிலிருந்து போகிறது. அவர்களுக்கு வேண்டியது மாலைச் சவாரிக்கு வண்டி வெளியே வருவது.

இந்தப் பழக்கத்தின் பெரிய நன்மை, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது. ஒரு பக்கம் புது ஷொக், மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பக்கம் சீக்கிரம் அடங்கி மறுபக்கம் துள்ளிக்கொண்டிருக்கும். ஜோடியாக மாற்றும் சென்னைப் பட்டறையின் முறை சரியான முறை.

தீமை, காரணம் உள்ளேயே தங்கிவிடுவது. ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் சில்லு முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் அலையும். அந்த அலைச்சல் ஷொக்கின் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும்; எண்ணெய் அடைக்கும் சீல் கிழியும்; எண்ணெய் கசியும். கசிவைப் பார்த்து ஷொக்கை மாற்றுகிறார்கள். புஷ் அப்படியே இருக்கிறது. புது ஷொக்கும் சில மாதங்களில் கசிகிறது. "கம்பெனிப் பொருளே இப்ப சரியில்ல" என்று பழி பாகத்தின் மேல் போகிறது.

மழைக்காலம் இன்னொரு கணக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியபோது ஆயிரக்கணக்கான ஆட்டோக்களின் சில்லு பெயரிங்குகளுக்குள் தண்ணீர் போனது. கிரீஸ் கழுவப்பட்ட பெயரிங் சில வாரம் கழித்துத்தான் ஊளையிடத் தொடங்கும், ஆடத் தொடங்கும். அந்த ஆட்டமும் பின்பக்கக் குலுக்கலாகத்தான் ஓட்டுநருக்குத் தெரியும். அதற்கும் ஷொக்கே பலியாகும்.

இலங்கை: செய்து எடுக்கும் பழக்கம்

"பொறுங்கோ அண்ணை, இந்தப் புஷ்ஷை லேத்தில குடுத்துக் கடைஞ்சு போட்டா இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்." யாழ்ப்பாணத்துக் கராஜின் பேச்சு இப்படிப் போகும். இங்கே பாகம் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும், அதற்கு முன் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருக்கவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சுமார் 360 ரூபாய்க்குப் போனபோது உதிரிப்பாகத்தின் விலையும் அதோடு ஏறியது. லீசிங் கட்டுகிற, வண்டியின் சொந்தக்காரராகவும் இருக்கிற ஓட்டுநருக்குப் பத்து வருட வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட வைப்பது குடும்பத்தின் கணக்கு.

இந்த நெருக்கடி நல்ல கைகளை வளர்த்தது. புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்து, ஆர்மின் துளை நீள்வட்டமாகியிருந்தால் அதைச் சரிசெய்து, அளவுக்குக் கடைந்து போடக்கூடிய மெக்கானிக்கும் லேத்காரரும் சிறு நகரங்களிலும் உண்டு. அப்படிக் கழற்றிப் பார்க்கிறவர் புஷ்ஷின் நிலையைக் கண்ணால் காண்கிறார். பாகத்தை மட்டும் மாற்றுகிறவர் அதைக் காண்பதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் இலங்கைக் கராஜுக்கு இருக்கும் சாதகம் இது.

ஆனால் செப்பனிடும் பழக்கம் எல்லை தாண்டும் இடங்களும் உண்டு. ரப்பர் புஷ் இருந்த இடத்தில் நைலோனோ பித்தளையோ கடைந்து போட்டால் ஆட்டம் நிற்கும். ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி அதன்பின் நேராகச் சட்டத்துக்குப் போகும். ஆர்ம் பூட்டும் இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அப்படிப் போட்டால் கிரீஸ் போகும் வழியும் வைக்கவேண்டும், அந்த வெடிப்புகளையும் தவறாமல் தேடிப் பார்க்கவேண்டும். தாழ்ந்த ஸ்பிரிங்கை நெருப்பில் காய்ச்சி இழுத்து நீட்டுவது இதைவிட மோசம். ஸ்பிரிங்கின் வலு அதற்கு ஆலையில் கொடுக்கப்பட்ட வெப்பப் பதத்தில் இருக்கிறது. உலையில் சிவக்கக் காய்ச்சிய கணமே அது போய்விடும். உயரம் சில நாள் திரும்பி வந்து மறுபடியும் தாழும், அல்லது ஸ்பிரிங் ஒடியும். ஷொக்கைத் துளைத்து என்ஜின் ஒயில் ஊற்றி மூடுவதும் அப்படித்தான். அந்த எண்ணெயின் தடிப்பு வேறு. குளிரில் இறுகியும் வெயிலில் இளகியும் போகும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய எதிரி உப்பு. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினமும் போய்வரும் வண்டிகளில் ஆர்ம் போல்ட் புஷ்ஷின் உட்குழாயோடு துருவால் ஒட்டிப்போகும். போல்ட் ஒட்டினால் அதை வெளியே எடுக்க முடியாது. அதைக் கழற்ற நெருப்புக் காட்டினால் புஷ்ஷின் ரப்பர் கருகும். பூட்டும்போதே போல்ட்டில் கிரீஸ் பூசுவது சில ரூபாய் வேலை. அதைச் செய்யாததன் விலை ஒரு முழு ஆர்ம். மலையகத்தில் உப்பு இல்லை, கல் உண்டு. தோட்டப் பாதைகளில் ஆர்மே வளையும். வளைந்த ஆர்மை ஸ்பிரிங் மாற்றி நிமிர்த்த முடியாது.

தேடும் ஒழுங்கு

இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரு ஒழுங்கு வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் காற்று. பின்சில்லுகள் இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று டயர் சூடாகுமுன் பார்க்கவேண்டும். எட்டு அங்குலச் சில்லில் காற்றுச் சற்றுக் குறைந்தாலும் வண்டி சரியும், குலுங்கும். ஒரு பக்கம் சரிந்து வரும் வண்டிக்கு ஸ்பானரைத் தொடுமுன் இதைப் பார்க்காத கராஜ் தன் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறது.

அடுத்தது உயரம். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து உடலின் ஒரே இடம்வரை இரு பக்கமும் அளக்கவேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம்மாற்றிப் போட்டு மறுபடியும் அளக்கலாம். சரிவு ஸ்பிரிங்கோடு மறுபக்கம் போனால் குற்றவாளி ஸ்பிரிங். சரிவு இருந்த பக்கத்திலேயே நின்றால் ஆர்மோ சட்டமோ வளைந்திருக்கிறது. பிறகு முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லுகள் ஒவ்வொன்றின் நடுவுக்கும் கயிறு பிடித்து அளந்தால் ஆர்ம் பின்தள்ளியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆட்டம். சட்டத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கி, தொங்கும் சில்லை மேலும் கீழும் பிடித்து அசைக்கவேண்டும். ஆர்ம் அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் பெயரிங். ஆர்மும் சேர்ந்து அதன் முன்முனையில் அசைந்தால் புஷ். சந்தேகம் இருந்தால் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையில் கம்பியை விட்டு நெம்பிப் பார்க்கலாம். டிரைவ் ஷாப்ட் மூட்டையும் அதன் ரப்பர் உறையையும் அப்போதே பார்க்கவேண்டும். பின்பக்கம் தாழ்ந்த வண்டியில் அந்த மூட்டு கூடிய கோணத்தில் சுழன்று விரைவில் தேயும்.

ஷொக்கின் முறை கடைசியில்தான் வரவேண்டும். பின்மூலையை அழுத்தி விட்டால் வண்டி எழும்பி அடங்கவேண்டும். தொடர்ந்து துள்ளினால் ஷொக் சோர்ந்துவிட்டது. கழற்றி நிமிர்த்திப் பிடித்து அழுத்தி இழுத்தால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே எதிர்ப்பு இருக்கவேண்டும். நடுவில் வெறுமையாக நழுவினால் எண்ணெய் போய்விட்டது. ராக்கையில் படுக்க வைத்திருந்த புது ஷொக்கும் முதலில் அப்படி நழுவும். பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை அழுத்தி இழுத்தால் உள்ளே புகுந்த காற்று மேலேறி எதிர்ப்புத் திரும்பும். இதைச் செய்யாமல் நல்ல ஷொக்கைக் கூடாதது என்று கடைக்குத் திருப்பியனுப்புவதும் நடக்கிறது.

டயரும் சாட்சி சொல்லும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் சில்லு சாய்ந்து நிற்கிறது: புஷ்ஷையோ ஆர்மையோ பார்க்கவேண்டும். சுற்றிவர மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் சில்லு தரையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது: அப்போது ஷொக்கைச் சந்தேகிப்பது நியாயம்.

பூட்டும்போதும் ஒரு விதி உண்டு. இரு நாட்டிலும் பெரும்பாலும் மீறப்படுவது அது. ரப்பரும் இரும்பும் ஒட்டிய புஷ் உள்ள வண்டியில், ஆர்ம் போல்ட்டைச் சில்லு தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, அதன் பாரம் சில்லுகளில் விழுந்த பிறகே முறுக்கவேண்டும். தொங்கும்போது முறுக்கிய புஷ், வண்டி இறங்கியதும் முறுகிய நிலையிலேயே வாழ்க்கையைத் தொடங்கும், விரைவில் கிழியும்.

சட்டம் பார்ப்பதும் பாராததும்

இந்தியாவில் வாடகை ஆட்டோவுக்கு எட்டு வயதாகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எப்.சி.) எடுக்கவேண்டும். எப்.சி. நெருங்கும்போது சென்னைப் பட்டறைகளில் வண்டிகள் வரிசையில் நிற்கும். பெயின்ட் புதிதாகும், விளக்கு எரியும், மீட்டர் ஓடும். அந்த நாளில் புஷ்ஷையும் நெம்பிப் பார்த்தால் அந்தச் செலவுக்கு முழுப் பயன் கிடைக்கும். இலங்கையில் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகைக்குழாயில் கருவியை வைப்பவர் பின் ஆர்மின் கீழே குனிந்து பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் அல்ல. இரு நாட்டிலும் காகிதம் சரியாக இருக்கும் வண்டி வளைவிலும் சரியாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே பொறுப்பு கராஜுக்கே வருகிறது. என்ஜின் ஒயில் மாற்ற வரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பின்சில்லுகளையும் தூக்கி அசைத்துப் பார்ப்பதைச் சென்னையும் யாழ்ப்பாணமும் வழக்கமாக்க வேண்டும். சென்னை மெக்கானிக் புது ஷொக்கைப் பூட்டுமுன் புஷ்ஷை நெம்பிப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் செப்பனிடுவதை நிறுத்தி, அவற்றை மட்டுமாவது ஜோடியாக மாற்றும்படி சொந்தக்காரரிடம் உறுதியாகச் சொல்லட்டும்; தன் லேத் கைவண்ணத்தைப் புஷ்ஷுக்கும் ஆர்முக்கும் வைத்துக்கொள்ளட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் என்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுக்கும் அதே கவனத்தோடு இந்தத் தேடும் ஒழுங்கையும் கற்றுக்கொடுக்க வேண்டும். பின் ஆசனத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்புகிற வண்டி இது. அதன் பின்பக்கம் ஏன் குலுங்குகிறது என்று தேட ஒதுக்கும் அரை மணி நேரத்தைக் கூலியில் சேர்த்து வாங்க மெக்கானிக் தயங்க வேண்டியதில்லை. கொடுக்க ஓட்டுநரும் தயங்கக் கூடாது.