ஆம்பளை இன்ஜின்!

ஜீப் வாங்கப் போகிறவருக்கு ஊரே ஒரு புத்திமதி சொல்லும். 'மலை, காடு, சேறுன்னு போறதுன்னா டீசல் வாங்குங்க சார். அதுதான் ஆம்பளை வண்டி. பெட்ரோல்லாம் ஷாப்பிங் போறதுக்கு!' லட்சக்கணக்கில் பணம் போடுகிற விஷயம். இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

டீசல் கட்சியின் முதல் வாதம், இழுவை. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் காலத்தில் நியாயமான வாதம்தான். அதை நன்றாக முறுக்கினால்தான் இழுக்கும். டர்போ டீசல் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். ஆனால், 2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியைப் பாருங்கள். 2.2 லிட்டர் டீசலின் டார்க் 300 நியூட்டன் மீட்டர். 1,600 சுற்றில் முழுசாகக் கிடைக்கிறது. மேனுவல் கியர் வைத்த 2 லிட்டர் டர்போ பெட்ரோலுக்கும் அதே 300தான். அதுவும் 1,250 சுற்றிலேயே! அப்புறம் என்ன ஆம்பளை, பொம்பளை?

டர்போகூட இல்லாத மாருதி ஜிம்னிக்கு வெறும் 134தான். ஆனாலும் ஏறுகிறது. காரணம், எடை 1,200 கிலோ அளவுதான். இழுவையைப் பெருக்கித் தர 'லோ' கியர் இருக்கிறது. இதே சூத்திரத்தில்தான் பெட்ரோல் ஜிப்ஸி நம் ராணுவத்துக்காகப் பல வருடங்கள் மலையேறியது. அதைப் போய் ஷாப்பிங் வண்டி என்பீர்களா?

டீசலின் நிஜமான பலம், ஒரு டேங்க்கில் அதிக தூரம் போவது. அடுத்த பங்க் எங்கே என்று தெரியாத காட்டுப்பாதையில் இது பெரிய தைரியம். மறுக்கவே முடியாது.

பணம் மிச்சமாகுமா? பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடாது. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய்; பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர், டீசல் வண்டி 12 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு சுமார் மூன்றரை ரூபாய் லாபம். டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்திருந்தால், அதை மீட்க 44,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தினம் 100 கிலோமீட்டர் போகிறவர் ஒன்றேகால் வருடத்தில் எடுத்துவிடுவார். மாதம் 500 ஓட்டுகிற ஆசாமிக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகும்!

இன்னொன்றையும் டீசல் ரசிகர்கள் சொல்வதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வந்துவிட்டது. நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து வீடு என்றே வண்டி ஓடினால் அடைத்துக்கொள்ளும். செலவு உங்களுடையது.

ஆக, தினமும் லோடு ஏற்றி மலையேறுகிறவர், நெடுந்தூரம் சுற்றுகிறவர் டீசல் வாங்கலாம். வாரக் கடைசி வீரர்களுக்குப் பெட்ரோலே போதும். முடிவெடுக்குமுன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்... வாங்கப்போகும் தார், வருடத்தில் எத்தனை நாள் தார் ரோட்டை விட்டு இறங்கும்?