வேலைக்கு ஒரு நீதி, பென்சனுக்கு ஒரு நீதி

ஜேர்மன் இணைப்பைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது மதிலோடும் கொடியோடும் நின்றுவிடுகிறார்கள். கிழக்கு அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர் குறைவு.

1990 ஆகஸ்ட் 31இல் கைச்சாத்தான இணைப்பு ஒப்பந்தம் முதலில் எடைபோட்டது ஆட்களை அல்ல, நிறுவனங்களை. புதிய அரசு பொறுப்பேற்ற நிறுவனத்தில் இருந்தவருக்கு வேலை தொடர்ந்தது. பொறுப்பேற்காததை 'ஆப்விக்லுங்' செய்தார்கள். கடையைக் கணக்குத் தீர்த்து மூடுவதற்குரிய சொல் அது. அங்கிருந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம். ஐம்பது வயதானோருக்கு ஒன்பது மாதம். அதற்குள் வேறிடம் கிடைக்காவிட்டால் வேலை தானாகவே முடிந்தது. நீக்கற் கடிதம்கூடத் தேவையில்லை. இந்தக் காத்திருப்புக்கு வழங்கிய பெயர், இறங்க இடமின்றி விமானம் வானில் வட்டமிடுவதைக் குறிப்பது.

உளவு பார்த்தவர்களை நீக்கக் கூடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். நீக்கலாம். அதற்கு ஒப்பந்தத்திலேயே தனிப் பிரிவு இருந்தது. நிறுவனத்தோடு மூடும்போது நூலகரும் வாயிற்காவலரும் சேர்ந்தல்லவா போகிறார்கள்? பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகம் இதை எதிர்த்து வழக்காடியது. ஒரு துறையை மூடி அதே துறையைத் திரும்பத் திறப்பது மூடலே அல்ல என்று வாதிட்டு, 1991இல் மேல் நிர்வாக நீதிமன்றத்தில் வென்றது.

அரசியலமைப்பு நீதிமன்றமோ 1991 ஏப்ரல் 24இல் அந்த ஏற்பாட்டைப் பெருமளவுக்குச் சரியென்றது. கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் இருந்த பாதுகாப்பைப் பறித்ததை மட்டும் செல்லாதென்றது. அதே நீதிமன்றம் 1999 ஏப்ரல் 28இல், கிழக்கில் சம்பாதித்த மேலதிக ஓய்வூதிய உரித்துகள் சொத்துரிமைப் பாதுகாப்புக்குள் வரும் என்றது. ஆக, செய்து முடித்த வேலை சொத்து, செய்துகொண்டிருந்த வேலை சொத்தல்ல. சட்டம் படித்தவர்களுக்கு இது உறுத்தாமலிருக்கலாம். எனக்கு உறுத்துகிறது.

காரணத்தை மறைக்கவில்லை. ஊரில் கல்வியியற் கல்லூரியொன்றில் விரிவுரையாளனாக இருந்தேன். நாட்டைவிட்டு வந்தபின் 'பதவியை வெறிதாக்கியவர்' என்று கடிதம் வந்தது. பதினான்கு வருடச் சேவையும் பென்சனும் ஒரே வரியில் போயின. இப்போது இங்கே பொதிசெய்யும் இயந்திரத்தருகே நிற்கிறேன். கிழக்கில் வட்டமிட்டவர்களுக்கு நீதிமன்றப் படியாவது இருந்தது.

அதிகாரப் பகிர்வைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஓயாமல் விவாதிக்கிறோம். காணி வருகிறது, பொலிஸ் வருகிறது. ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்குக் கோவையோடு மாற்றப்படும் எழுதுவினைஞர் வருவதேயில்லை. அவருடைய சேவைக்காலத்தை எந்தத் திறைசேரி எண்ணும் என்று அடுத்த இதழிலாவது யாராவது எழுதுங்கள்.