முடிவு தெரிந்த திகில்

கட்டிலில் கட்டிப் போடப்பட்ட சிறுமியின் மேல் ஒரு பாதிரியார் தண்ணீர் தெளிக்கிறார். தீர்த்தம் என்று சொல்லித்தான் தெளிக்கிறார். அவள் வெந்துபோனவளாகத் துடித்து அலறுகிறாள். உண்மையில் அது குழாயில் பிடித்த தண்ணீர். உள்ளே இருப்பது பிசாசு என்றால் அதற்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா? வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் எழுதிய ‘எக்ஸார்சிஸ்ட்’ என்றதும் படம் பார்த்தவர்களுக்குத் திரும்பும் தலையும் பச்சை வாந்தியும் நினைவுக்கு வரும். எனக்கு இந்த ஏமாற்று வேலைதான் அந்தக் கதையின் உச்சம்.

அந்தப் பாதிரியார், டேமியன் கராஸ், இயேசு சபைக் குரு, மனநல மருத்துவரும்கூட. தாயைத் தனியே சாகவிட்ட குற்ற உணர்வில் விசுவாசம் ஆட்டம் கண்டவர். பேயோட்ட வேண்டுமானால் ஆயரின் அனுமதி வேண்டும்; அனுமதிக்குச் சான்று வேண்டும். அதனால் நாவலின் பெரும்பகுதி ஒரு புலனாய்வாகவே நகர்கிறது. மருத்துவப் பரிசோதனைகள், ஒலிநாடாப் பதிவுகள், கராஸின் குறிப்புகள் எனக் கோப்பு பெருத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு சான்றுக்கும் மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பேயோட்டிப் பாருங்கள் என்று சிறுமியின் தாய்க்கு முதலில் யோசனை சொல்பவர்களே மருத்துவர்கள்தான். நம்பிக்கையால் வந்த நோய் நம்பிக்கையாலேயே தீரலாம் என்பது அவர்கள் கணக்கு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1949இல், மேரிலாந்துச் சிறுவன் ஒருவனுக்குப் பேயோட்டிய செய்தியைப் பிளாட்டி நாளேட்டில் படித்தார். அந்தச் செய்தி நிஜமா என்று அவருக்கு எழுந்த கேள்வியைத்தான் கராஸ் சுமக்கிறார்.

கிறிஸ்தவத் திகில் கதைக்குப் பிறவியிலேயே ஒரு சிக்கல் உண்டு. கடைசியில் கடவுள் வெல்வார் என்பது விசுவாசம். கடைசியில் யார் வெல்வார் என்று தெரியாமலிருப்பது திகில். பிளாட்டி இதைச் சாமர்த்தியமாகக் கடந்தார். கடவுளின் வெற்றியைத் தொடாமல், கராஸ் தேறுவாரா என்பதைப் பணயம் வைத்தார்.

ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது சிறுமி ரீகன். பேயோட்ட வரும் குருக்கள் இருவர் தங்கள் விசுவாசத்தைச் சோதித்துக்கொள்ளும் களமாக அவள் உடல் ஆகிறது. பிடிபட்டபின் பிசாசுதான் பேசுகிறது, அவள் அநேகமாகப் பேசுவதேயில்லை. தீமை கிளம்பி வரும் திசையும் உறுத்துகிறது. கதை வட ஈராக்கில், பசூசு என்னும் பழைய மெசொப்பொத்தேமியத் தெய்வத்தின் உருவத்தோடு தொடங்குகிறது. அந்த ஊர்ப் பெண்கள் பசூசுவின் உருவத்தைத் தாயத்தாக வைத்திருந்தார்கள். கருவுற்றவர்களையும் பச்சிளங்குழந்தைகளையும் தாக்கும் லமாஷ்டுவை விரட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காவல் நின்றவனே வாஷிங்டனில் பிள்ளையைப் பிடித்தவன் ஆகிவிட்டான்.

‘எக்ஸார்சிஸ்ட்’ வெளியாகிப் பதினைந்து ஆண்டு கழித்து வந்த ஃபிராங்க் பெரெட்டியின் ‘திஸ் பிரசன்ட் டார்க்னஸ்’ இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. தலைப்பு எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைத் தொட்டு நிற்கிறது. ஆஷ்டன் என்ற கற்பனைச் சிற்றூர். அதன் தெருக்களுக்கு மேலே தேவதூதர்களும் பிசாசுகளும் வாளோடு மோதுகிறார்கள். விசுவாசிகள் ஜெபிக்க ஜெபிக்கத் தூதர்களுக்குப் பலம் கூடுகிறது. பெரெட்டியின் அருமையான கண்டுபிடிப்பு இது. மூலையில் முழங்காலிட்டிருக்கும் கிழவியின் முணுமுணுப்பு வானத்துப் போரின் போக்கை மாற்றுகிறது. ஜெபத்தை இத்தனை விறுவிறுப்பான செயலாக ஆக்கிக் காட்டிய வெகுஜன எழுத்தாளர் வேறு யார்? சண்டைக் காட்சிகளை எழுதும் கை அவருக்கு நன்றாகவே வாய்த்திருக்கிறது. சிரித்துக்கொண்டே வேகமாகப் படித்துவிடலாம்.

படித்து முடித்ததும்தான் பிரச்சினை. ஒருவன் சோம்பினால் தோளில் ஒரு பிசாசு, இச்சித்தால் இன்னொன்று. மனிதனின் பாவம் அவனுடையதாக இல்லாதபோது அவன் மனந்திரும்புவதும் அவனுடையதாக இருக்க முடியாது. அதைவிட மோசம், பிசாசுகள் யார் வீட்டில் குடியிருக்கின்றன என்ற பட்டியல். உளவியல் கற்பிக்கும் கல்லூரிப் பேராசிரியை, தியானப் பயிற்சி, புதுயுக ஆன்மிகக் குழு, தாராளவாதப் போதகர் என்று ஒரு குறிப்பிட்ட அமெரிக்க சபைப் பிரிவுக்குப் பிடிக்காத எல்லாமே ஒரே சதியின் கிளைகள். அடுத்த நாவலில் குழந்தைநலத் துறை அதிகாரிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த நாட்களில் அமெரிக்கா நிஜமாகவே, சாத்தானிய சடங்குகளில் குழந்தைகள் வதைக்கப்படுகிறார்கள் என்ற பீதியில் இருந்தது. கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீதான வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1990இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. பீதியைப் பெரெட்டி உண்டாக்கவில்லை. அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கும் அந்த மனநிலைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லலாம்.

டிம் லஹேயும் ஜெர்ரி ஜென்கின்ஸும் எழுதிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ வரிசை 1995இல் தொடங்கியது. ஆறு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. விசுவாசிகள் திடீரென வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று நம் பெந்தெகொஸ்தே சபைகளும் பிரசங்கிக்கும் இரகசிய வருகைதான் அதன் அடிப்படை. ஜான் நெல்சன் டார்பி 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய விளக்கம் அது. பறக்கும் விமானத்திலிருந்து பயணிகள் மறைந்து, இருக்கையில் உடைகள் மட்டும் கிடக்கும் தொடக்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. அதன்பின் கதை அட்டவணைப்படி ஓடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் போதகர் ஒருவர் காணொளி நாடாவிலேயே பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாத்திரங்களும் நம்மோடு சேர்ந்து கதைச்சுருக்கத்தைப் படித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஒருவர் விதிவிலக்கு. புரூஸ் பார்ன்ஸ் அந்தப் போதகரின் சபையிலேயே உதவிப் போதகர். மனைவி மக்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட, இவர் மட்டும் கைவிடப்பட்டார். பிரசங்கித்ததைத் தாமே நம்பவில்லை என்று ஒப்புக்கொள்ளும் அந்த மனிதரை வைத்து முழு நாவலே எழுதியிருக்கலாம். ஆசிரியர்கள் சில பக்கங்களிலேயே அவரைத் திருத்தி, இரண்டாம் தொகுதியின் கடைசியில் சாகடித்துவிடுகிறார்கள். பிரதான கதை இன்னும் பத்துத் தொகுதிகள் ஓடுகிறது.