சட்டிக்குப் பின்னால் நடக்கும் கிதார்

'மாற்று ராக்' என்கிறார்கள். எதற்கு மாற்று? அமெரிக்காவில் பெரிய இசைக் கம்பெனிகளுக்கு எதிராகக் கிளம்பிய ஒன்று, 1991இல் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' கண்ட விற்பனைக்குப் பிறகு அதே கம்பெனிகளின் கடையில் ஓர் அலமாரியின் பெயராகிப்போனது. தமிழில் நிலைமை வேறு. இங்கே சினிமாப் பாட்டுதான் சந்தை. சினிமா அல்லாத எதுவும் தன்னை 'மாற்று' என்று சொல்லிக்கொள்ள முடியும். ஒலி மாறினால் போதுமா, மேடையில் நிற்கிற உடல்களும் மாற வேண்டாமா? தி காஸ்ட்லெஸ் கலெக்டிவின் வரவு எழுப்பிய கேள்வி இது.

ராக் விமர்சனத்தில் ஒரு குழுவின் பிறப்புச் சான்றிதழ் அதன் முதல் இசைத்தட்டு. இந்தக் குழு பிறந்தது மைதானத்தில். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 பேர் கோட்டு சூட்டோடு மேடையேறினார்கள். அது மார்கழி, சபாக்களின் சீசன் என்பது தற்செயல் அல்ல. சாவு வீட்டு வாசலில் நிற்க வைக்கப்பட்ட கானா, அம்பேத்கரின் உடையைப் போட்டுக்கொண்டு நடு மேடைக்கு வந்தது.

நான் தாம்பரத்துக்காரன். எங்கள் பக்கத்துக்கு ராக் புதுசில்லை. கல்லூரி விழா மேடைகளில் கிதார், டிரம்ஸ், ஆங்கிலம். சாயங்காலம் பீச் போகிற மின்சார ரயிலில் பெட்டியின் தகரத்தைத் தட்டிக் கானா. இரண்டும் ஒரே ஊரில்தான் இருந்தன. ஒரே மேடையில் நான் பார்த்ததில்லை. "நல்லாத்தான் பாடுறான், ஆனா மேடைக்கு ஆகாதுப்பா" என்று ஒரு விழா அமைப்பாளர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ரசனை என்கிற பெயரில் சாதி பேசுகிற விதம் இது.

இந்தக் குழுவைப் பாராட்டியவர்களில் பலர் வரிகளை மட்டுமே வாசித்தார்கள். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என்று பட்டியல் போட்டு, 'கோபம்' என்று தலைப்பிட்டு முடித்துக்கொண்டார்கள். தாளத்தைக் கேட்க வேண்டும். சினிமாக் குத்துப்பாட்டில் பறை ஒரு மசாலா. பாட்டின் எலும்பு வேறெங்கோ இருக்கும். இங்கே பல இடங்களில் சட்டியும் பறையும் மூன்று மூன்றாகத் துள்ளும் நடையைப் பிடித்துக்கொள்ள, டிரம்ஸ் அதற்கு இடம்விட்டு அடிக்கிறது; கிதார் பின்னால் நடந்து வருகிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது இதன் அரசியல்.

ஆனாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று: 'முதன்முறையாக' என்கிற பேச்சு. இன்குலாபின் 'மனுசங்கடா'வை ஊர் ஊராகப் பாடிய கே.ஏ. குணசேகரனை (1955-2016) மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. 'முதல்' என்ற சொல் ஊடகங்களுக்கு வசதியானது, முன்னோடிகளுக்குக் குழி.

இரண்டு: 19 பேரில் ஒரே பெண், இசைவாணி. ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் அவர் குரல் ஓர் உடைப்பு. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? 2018 சபரிமலைத் தீர்ப்புக் காலத்து ஐயப்பன் பாட்டுக்கு 2024 நவம்பரில் புகார்கள் கிளம்பியபோது, ஆபாசமும் மிரட்டலும் பாடிய பெண்ணைத்தான் தேடிப்போயின. கூட்டுக்குரல் என்றால் அடியையும் கூட்டாக வாங்க வேண்டும்.

மூன்று: கருத்தின் சுமை. கானாவுக்கென்று ஒரு கிண்டல் உண்டு. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காதலைப் பாடும், சிரிக்க வைக்கும். எல்லாப் பாட்டும் துண்டறிக்கையானால் அந்தச் சிரிப்பு போய்விடும். ஒடுக்கப்பட்டவர்கள் எப்போதும் நமக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரம்தான்.

நான்கு: இடம். குழுவின் நிலவரைபடம் வடசென்னை. ஆனால் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து கொட்டப்பட்டார்கள். கானாவும் அவர்களோடு லாரி ஏறி வந்துவிட்டது. ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்புறம் இன்று ராத்திரி ஒரு சாவு விழுந்தால் பாட்டு கேட்கும். வடசென்னையை ஒரு பிம்பமாக உறைய வைத்துவிட்டால், இந்தத் தென்புறத்துக் கானா யார் காதிலும் விழாது.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிறர் சூட்டிய பெயரை மறுத்து, தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்ட சொல் அது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான். தினமும் எத்தனையோ பேர் அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறோம். யார் அவர் என்று கேட்பதில்லை. அந்தச் சொல்லைப் பலகையிலிருந்து இறக்கி ஆயிரக்கணக்கானவர்களின் வாயில் போட்டது இந்த 19 பேரின் சாதனை. அதில் சந்தேகமில்லை. அடுத்து வருகிற குழு பெரும்பாக்கத்துப் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும், அவர்களே அதற்குப் பெயர் வைக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது, அதற்கு ஒரு மைதானம் கிடைக்க வழிசெய்வதுதான்.